இளவேனில் கொண்டுபோன சொல்

கரட்டுப்புதூரில் ‘போதும்’ என்ற சொல் ஒரு சித்திரை மாதத்துப் புதன்கிழமை காலையில் இல்லாமல் போனது. அன்றைக்குக் காலையில்தான் சென்னையில் அச்சாகி வந்த அரசிதழில், நூற்றுக்கணக்கான பெயர்மாற்ற அறிவிப்புகளுக்கு நடுவே, தேனி மாவட்டம் கரட்டுப்புதூர் மேலத்தெரு ஒச்சப்பன் மகள் போதும்பொண்ணு என்கிற நான் இனிமேல் இளவேனில் என்று அழைக்கப்படுவேன் என்று நாலு வரி வெளியாகியிருந்தது. இரண்டும் ஒரே காலையில் நடந்தவை என்று ஊர் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கண்டுபிடித்த பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. செடியைப் பிடுங்கினால் வேரோடு கொஞ்சம் மண்ணும் வரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வாய் திறந்தது, உதடு குவிந்து பிரிந்தது, மூச்சும் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. எழுதினால் எழுத வந்தது, மனசுக்குள் படித்தால் படிக்க வந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஓடைப்பாலத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததும் சொல்ல வந்தது, சந்தோஷமாக நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாலத்தின் பாதியிலேயே நின்றுபோனது. வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்றால் அது சோற்றைச் சொன்னதாகாது, அந்த வீட்டைச் சொன்னதாகும். நிறுத்து என்றால் சண்டைக்கு வந்ததாகும். இரண்டுக்கும் நடுவே, வயிறும் நிறைந்து மனசும் நிறைந்து கையை லேசாக உயர்த்திச் சொல்கிற அந்த ஒரு சொல்லுக்கு ஊரில் மாற்று இல்லை என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால் அந்த வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழு தோசை, எட்டு தோசை தின்றுவிட்டு வகுப்பில் தூங்கினார்கள். டீக்கடை மாஸ்டர் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டுக்கொண்டே ஆளின் முகத்தைப் பார்த்தார், அந்த ஆள் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார், டீ பாயசமானது. வெள்ளிக்கிழமை நடந்த கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் இலை மேல் கையை வைத்து மறைக்க, கூச்சப்படுகிறார் என்று நினைத்து அந்தக் கை மேலேயே ரசத்தை ஊற்றினார்கள். மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி திறப்புவிழாவில் காலை பத்து மணிக்குப் பேச எழுந்த ஒன்றிய உறுப்பினர் மதியம் மூன்றேகால் வரைக்கும் பேசினார், ஏனென்றால் எந்த மேடையிலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்கிற ஆளுக்குச் சத்தம் வரவில்லை, பேசினவருக்கும் தானாகத் தெரியவில்லை.

சொல் எங்கே போயிருக்கிறது என்பது சனிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் தெரியவந்தது.

இளவேனில் அங்கேதான் எட்டு வருஷமாக நர்ஸாக இருந்தாள். முப்பத்தொரு வயசு. ஒச்சப்பனுக்கும் செத்துப்போன செவனம்மாவுக்கும் அஞ்சாவது பெண். நாலு பெண்ணுக்குப் பிறகும் பெண்ணே பிறந்தால், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று அந்தப் பிள்ளைக்குப் போதும்பொண்ணு என்று பேர் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வைத்தும் ஆண் பிறக்கவில்லை, அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையே பிறக்கவில்லை, பேர் மட்டும் இவள் மேல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது சிரித்தார்கள், நர்ஸிங் கல்லூரியில் அர்த்தம் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இரக்கப்பட்டார்கள், இரக்கம் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. பிரசவ வார்டில் வேறு மாதிரி. இரண்டாவதும் பெண்ணாகப் பெற்றவள் கண் விழித்து, இவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இளவேனில் பெயர்ப்பட்டையைத் திருப்பிக் குத்திக்கொள்வாள்.

பதினாலு மாதம் சனி ஞாயிறுகளில் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஜெர்மன் மொழி படித்தாள். வட ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரிலிருந்த ஆஸ்பத்திரி வேலைக்குக் கடிதம் அனுப்பியது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தவள், பெயர் என்று கேட்ட கட்டத்துக்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா இருந்தாள். கடல் தாண்டிப் போய் ஒரு புது ஊரில் இறங்கி, முதல் வார்த்தையாகப் போதும் என்றா சொல்வது? எழுந்து வக்கீலைப் பார்க்கப் போய்விட்டாள். எட்டாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்து, யாரும் பார்க்காதபடி அடித்து வைத்திருந்த பேர் ஒன்று அவளிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பெண்ணுக்குப் பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. இந்த இடத்தில் அம்மாக்காரி முக்குவதை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் கிழிந்துவிடும். கூட வேலை பார்க்கிற ஜெசிந்தா சிஸ்டர், இருபது வருஷமாக எந்தச் சொல்லைச் சொல்வாரோ அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சத்தமில்லை. மறுபடி திறந்தார், கண் பிதுங்கியது.

“போதும்த்தா, போதும். தள்ளாத. வாயால ஊது” என்றாள் இளவேனில்.

மூன்று நாளாக ஊர் கேட்காத சொல். வார்டில் படுத்திருந்த ஆறு பெண்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். பிள்ளை நல்லபடியாக வெளியே வந்து அழுதது.

“ஒன்கிட்டதான் இருக்கா அது?” என்றார் ஜெசிந்தா, கையைக் கழுவிக்கொண்டே, தொலைந்த கத்தரிக்கோலைப் பார்த்த மாதிரி.

அன்று சாயங்காலத்திலிருந்து இளவேனிலுக்கு நிற்க நேரமில்லை. பங்குச் சுவருக்காக அண்ணன் தம்பி காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவள் போய் நடுவில் நின்று அந்த ஒரு சொல்லைச் சொன்னாள், இருவரும் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிடாவெட்டு விருந்துக்குக் கூப்பிட்டார்கள், அவள் பந்தி நெடுக நடந்து ஒவ்வோர் இலைக்கும் ஒருதரம் சொல்லிக்கொண்டே போனாள். செத்த வீட்டில் மூன்று நாளாக மாரடித்து அழுதவளின் தோளைத் தொட்டுச் சொன்னபோது, அவள் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தாள். பிறந்ததிலிருந்து யாருக்கும் தேவைப்படாதவள் என்று பேரிலேயே எழுதி வைத்திருந்தவளை, இப்போது ஊர் வாசலில் நின்று கூப்பிட்டது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எப்படிக் கூப்பிடுவது? பழைய பேர் வாயில் வராது. புதுப் பேரைச் சொல்ல ஆம்பிளைகளுக்குக் கூச்சமாக இருந்தது. “நர்ஸம்மா, நர்ஸம்மா” என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள்.

வைகாசியில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது.

வருஷா வருஷம் அந்த வாரத்தில் கரட்டுப்புதூரின் பெண்பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே வாக்கியம் சொல்லப்படும். சொல்கிறவர்கள் யோசித்துச் சொல்வதில்லை, காலண்டர் தாள் கிழிக்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். கேட்ட பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஏலக்காய் பிரிக்கவோ திராட்சை பறிக்கவோ போவார்கள். ஒச்சப்பனின் மூத்த மகள் பேச்சியம்மா புருஷனை இழந்து அப்பா வீட்டோடு இருந்தாள். அவள் மகள் தர்ஷிகா நானூற்று நாற்பது மதிப்பெண் எடுத்து, பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தோடு தாத்தா முன்னால் வந்து நின்றாள். ஒச்சப்பன் திராட்சைத் தோட்டத்தில் கொடி கழிக்கிறவர். கத்தரியால் வெட்டுகிற மாதிரிதான் பேச்சும், நாலு வார்த்தைக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

“படிச்சது…” என்றார்.

வாய் அசைந்தது. சத்தமில்லை.

“என்ன தாத்தா?”

“படிச்சது…”

தர்ஷிகா மரியாதையாகக் காத்திருந்தாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நாக்கு அந்தச் சொல் இருக்கவேண்டிய இடத்தில் தடவிப் பார்த்தது, பல் விழுந்த ஈறு மாதிரி அங்கே வழவழவென்று ஒன்றுமில்லை. ஆரம்பித்த வாக்கியத்தை எப்படியாவது முடிக்கவேண்டுமே. அவர் வாயில் மிச்சமிருந்தது வேறொரு சொல்.

“படிச்சது… பத்தாது” என்றார் ஒச்சப்பன்.

சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கிக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வாரம் பதினேழு வீடுகளில் இதுதான் நடந்தது. சில வீட்டில் பத்தாது என்று முடிந்தது, சில வீட்டில் முடியாமலே தொங்கியது, முடியாமல் தொங்கிய வாக்கியத்தின் கீழே புகுந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பதினொன்றாம் வகுப்பில் பெஞ்சு பற்றாமல் தலைமையாசிரியர் பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்தார்.

ஆனியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊராட்சித் தலைவர் சன்னாசி நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்றிய உறுப்பினரின் ஐந்தேகால் மணி நேரப் பேச்சை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்.

“இந்தா பாரும்மா நர்ஸம்மா, நீ சீமைக்குப் போறேங்கிற. போனா ஊர்ல மிச்சமிருக்கிற ஒரே ஒரு இதுவும் போயிரும். ஒண்ணு, பழைய பேரையே வச்சுக்க, இல்லைன்னா இங்கயே இரு. ஊரு கேக்குது.”

உள்ளூர்ப் பள்ளியின் தமிழாசிரியர் பெருமாள்சாமி எழுந்து, சங்க காலத்தில் போது என்றால் மலரப்போகிற மொட்டு என்று அர்த்தம், அந்தப் பேரில் இழிவு ஒன்றுமில்லை, பெருமைதான் என்றார்.

“சார், எங்கப்பா அகராதி பாத்து வைக்கல” என்றாள் இளவேனில்.

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையில் அவளுக்கு அன்றைக்கு மனசு ஆடிப்போயிருந்தது. ஜெசிந்தா தனியாக என்ன செய்வார், சுவருக்கு அடித்துக்கொள்கிறவர்களை யார் விலக்குவார்கள்? எட்டு வருஷமாக இந்த ஊரின் தலைகளையெல்லாம் முதலில் பிடித்தது இந்தக் கைதான். ஒருவேளை இருந்துவிடலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிற மொக்கத்தாய் எழுந்துவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். கூட்டத்தில் அதுவரை அவள் பேசியதில்லை.

“எங்களைக் கேக்காம ஊரு கேக்குதுங்காதீக. சோத்துக்குச் சொன்னது ஒரு தடவைன்னா எங்களுக்குச் சொன்னது ஒம்பது தடவை. படிச்சதுக்குச் சொன்னீக, சிரிச்சதுக்குச் சொன்னீக, ஒறங்குனதுக்குச் சொன்னீக. இப்ப எம் மக இங்கிலீசு பாடத்தைச் சத்தமாப் படிக்கிறா, அந்தாளு வாயத் தெறந்து தெறந்து மூடுறாரு. நான் எட்டுத் தோசை வேணும்னாலும் தின்னுட்டுப் போறேன். தாயி, நீ பொறப்படு.”

பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றது. சன்னாசி பதில் சொல்லத் தேடினார், தேடின சொல் கிடைக்கவில்லை, கூட்டம் அப்படியே கலைந்தது.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை ஆடியில் வந்தது. வெயிலில் வந்த ஏட்டய்யா மோர் வாங்கிக் குடித்துவிட்டு, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்தி, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “இந்த இளவேனில்ங்கிறவங்களும், முன்னாடி…” என்று நிறுத்தினார். கனைத்தார். மறுபடி படித்தார். பாலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர், அவர் வாயும் ஊர் வாய்தான். விரலால் அந்தப் பேரைத் தொட்டுக் காட்டினார். “இவங்களும் அவங்களும் ஒரே ஆள்தானா? யாராச்சும் வாயால சொல்லணும். ரெண்டு சாட்சி வேணும்.”

பேச்சியம்மா முதல் சாட்சியாக வந்து, ஒரே ஆள்தான், என் கூடப்பிறந்தவதான் என்றாள். இரண்டாவதாக யாரும் வரவில்லை. ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சும்மா நின்றாலே காரியம் நடக்கும், காகிதம் திரும்பிப் போய்விடும், ஊரின் சொல் ஊரிலேயே இருக்கும். ஏட்டய்யா பேனாவை மூடினார். இளவேனில் கையிலிருந்த பதினாலு மாதத்து ஜெர்மன் இலக்கண நோட்டை மூடித் திண்ணையில் வைத்தாள்.

ஒச்சப்பன் தோட்டத்திலிருந்து கத்தரியும் கையுமாக வந்துகொண்டிருந்தார். நிலைமையைப் பார்த்தார்.

“எழுதிக்கங்கய்யா” என்றார். “அதுவும் எம் மக. இதுவும் எம் மக. ஒரே புள்ளதான். தப்பு பேருல இருந்துச்சு, புள்ளைல இல்ல.”

அதுவரைக்கும் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஏட்டய்யா அதைச் சுருக்கி, விசாரித்ததில் இருவரும் ஒருவரே எனத் தெரியவருகிறது என்று எழுதி, கையெழுத்தை வாங்கிக்கொண்டார். பேச்சியம்மா இன்னொரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். அவரும் மறுக்க வழியில்லாமல் குடித்தார்.

புரட்டாசி முதல் வாரம் மதுரையிலிருந்து விமானம். புறப்படுவதற்கு முன்னாலேயே ஜெசிந்தா சிஸ்டர், தள்ளாதே என்பதையெல்லாம் விட்டுவிட்டு, பிள்ளையின் தலை தெரிந்ததும் “ஊது, விளக்கு ஊது, பிறந்தநாள் கேக்கு ஊது” என்று சொல்லப் பழகியிருந்தார். ஊதுகிறவளால் முக்க முடியாது. வலியிலும் சில பேர் சிரித்தார்கள்.

வண்டியில் அப்பாவும் பேச்சியம்மாவும் தர்ஷிகாவும் ஏறிக்கொண்டார்கள். வண்டி ஓடைப்பாலத்தைத் தாண்டிக் கிழக்கே ஓடியது. உசிலம்பட்டி தாண்டி ஒரு ஹோட்டலில் சாப்பிட நிறுத்தினார்கள். ஐந்து மாதமாக ஊரைவிட்டு வெளியே போகாத ஒச்சப்பன் இலை முன்னால் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு வந்தவன் ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான். அவர் கையை உயர்த்தினார்.

“போதும்” என்றார்.

வந்துவிட்டது. கரகரவென்று, துருப்பிடித்த கதவு மாதிரி. வாளிக்காரன் அடுத்த இலைக்குப் போனான். ஒச்சப்பன் கை அப்படியே நின்றது. இளவேனிலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இனி அவரால் அவளைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிட முடியும். அந்தப் பேர் இப்போது அவர் வாயில் முழுசாக இருக்கிறது. அவள் அரசிதழ், பாஸ்போர்ட், விசா எல்லாவற்றையும் வைத்திருந்த பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அன்னைக்கு எனக்கு முப்பது வயசு. அஞ்சாவதும் பொண்ணுன்னு வந்து சொன்னாக. கோயிலுக்கு நேரா நின்னு சாமிகிட்டச் சொன்னேன். ஒன்கிட்டச் சொல்லல தாயி. நீ அப்ப கண்ணே முழிக்கல. சாமிகிட்டச் சொன்னது ஒம் மேல வந்து ஒட்டிக்கிருச்சு.”

முப்பத்தொரு வருஷம் ஒரு வாய்ச் சோற்றில் கரைகிற காரியம் இல்லை. “சாப்பிடுப்பா, ஆறிப்போகுது” என்றாள். அவர் சாப்பிட்டார். அப்பளத்தை அவள் இலையில் எடுத்து வைத்தார்.

விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பயணச்சீட்டு இருப்பவர்கள் மட்டும்தான் போகலாம். பேச்சியம்மா அழுதாள், தர்ஷிகா “சித்தி, போன உடனே போட்டோ அனுப்பு” என்றாள். இளவேனில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பத்தடி போயிருப்பாள். பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, கொடிப்பந்தலுக்கு அந்தக் கடைசியில் நிற்பவனைக் கூப்பிடுகிற உரத்த குரல்.

“எளவேனீ…”

காவலுக்கு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வாயில் இரண்டு பெயரும் இருந்த இடத்தில் அவர் இந்தப் பேரை எடுத்திருந்தார். உச்சரிப்பு சரியில்லை, இகர எகரக் கவலையெல்லாம் அவருக்கு எப்போதும் கிடையாது. அவள் திரும்பினாள். அவர் கையை ஆட்டினார்.

துபாயில் இறங்கி ஏறி, பிராங்க்பர்ட்டில் இறங்கியபோது அங்கே காலை. குடியேற்ற அதிகாரி இளம்பெண், தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பாஸ்போர்ட்டில் ஒரு பேர், நர்ஸிங் பட்டத்தில் வேறு பேர். அவள் பட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள்: “போ… தும்… போன்னு?” ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பேரை இன்னொரு வாயிலிருந்து இளவேனில் கேட்டாள். ஏதோ ஒரு நீர்ப்பறவை கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அதில் கேலி இல்லை, இரக்கம் இல்லை, யாருடைய ஏமாற்றமும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசிதழின் மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டினாள்.

“இந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டா?” என்று அதிகாரி ஜெர்மனில் கேட்டாள். சும்மா, தெரிந்துகொள்ளும் ஆசையில்.

“உண்டு. ஒருத்தர் கடவுளிடம் சொன்ன வார்த்தை. தவறுதலாக எனக்கு வந்துவிட்டது” என்றாள் இளவேனில். பதினாலு மாதத்து இலக்கணம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அதிகாரி முத்திரை குத்தினாள். “நல்வரவு, திருமதி இளவேனில்” என்றாள். கல்யாணமாகாத இளவேனில் அதைத் திருத்தவில்லை.

கரட்டுப்புதூர் அவள் இல்லாமல் பழகிக்கொண்டது. பரிமாறுகிறவர்கள் இலையைப் பார்ப்பதை விட்டு ஆளின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றிய உறுப்பினர் பேசும்போது இருபதாவது நிமிஷத்தில் மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டியது, அவர் பெருமையோடு உட்கார்ந்தார். அண்ணன் தம்பிச் சண்டை சில சமயம் நாள்கணக்கில் ஓடி, இருவரும் களைத்துப்போய் ஒரே நிழலில் சாய்ந்து முடிந்தது. தை பிறந்தபோது, பொங்கலன்று மத்தியானம், டீக்கடை மாஸ்டரின் மாமியார் இலையில் இரண்டாவது கரண்டி சர்க்கரைப் பொங்கல் விழும்போது அந்தச் சொல் தானாக அவள் வாயிலிருந்து வந்தது. ஊரே ஓடி வந்து அவள் சொல்லக் கேட்டது. அன்றிலிருந்து சோற்றுக்கும் சாம்பாருக்கும் சர்க்கரைக்கும் அது எல்லோருக்கும் வந்தது. பிள்ளைகள் படிப்புக்குச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு மட்டும் வரவில்லை. மொக்கத்தாயின் புருஷன் நாலுதரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார். இப்படிப் பாதியாக வந்ததற்கு என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை.

போனில் பேச்சை முடிப்பதற்கும் அது வரவில்லை. இது ஒச்சப்பனுக்குப் பெரிய தொந்தரவாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தர்ஷிகா வீடியோ போட்டுக் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விடுவாள். முன்பெல்லாம் யார் போன் செய்தாலும், சரி, போதும், வை என்று மூன்று வார்த்தையில் முடிக்கிறவர். இப்போது நடுவில் இருக்கிற வார்த்தை வராததால் வைக்க வழி தெரியாமல் பேசிக்கொண்டே போனார். முதலில் மழையைச் சொன்னார். பிறகு பன்னீர்த் திராட்சைக்கு வந்த சாம்பல் நோயைச் சொன்னார். செவலைப் பசு கிடேரிக்கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. தர்ஷிகாவுக்கு இயற்பியல் மட்டும் இடிக்கிறதாம், அந்த வாத்தியாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன் அம்மா செவனம்மா கல்யாணத்தன்று கால் கொலுசைத் தொலைத்தது தெரியுமா ஒனக்கு? தெரியாது. நான்தான் தேடி எடுத்தேன், சொல்லவே இல்லை, ஒரு வாரம் மடியிலேயே வைத்திருந்தேன்.

இளவேனிலுக்கு அங்கே மத்தியானம் பன்னிரண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, துவைக்கவேண்டிய துணி கிடந்தது, வெளியே ஆற்றின் மேல் பனி. அந்தச் சொல் அவள் வாயில் இருந்தது, எந்த நிமிஷமும் சொல்லலாம். அவள் போனைச் சமையல்மேடையில் ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்குத் தோலைச் சீவ ஆரம்பித்தாள்.

“அப்பறம் எளவேனி…” என்றார் ஒச்சப்பன், அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டே.

“சொல்லுப்பா” என்றாள் அவள்.